வீட்டு லேனில் இரண்டு தரவுத்தளங்கள் இணைய மறுத்தால்: நேரடி இணைப்பா, எஸ்எஸ்எச் டனலா, விபிஎன்னா, இரவு நகலா?

கேள்வி வழக்கமாக இப்படித்தான் வரும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டோடு ஒரு சிறு கடை. கீழே பில் போடும் கணினியில் மைஎஸ்கியூஎல் (ஒரு தரவுத்தள மென்பொருள்) ஓடுகிறது. மேல்மாடியில் ஒரு பழைய மடிக்கணினி அல்லது ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவுச் சிறு கணினி). அதிலும் ஒரு தரவுத்தளம். கடை விற்பனை அங்கே போய்ச் சேர வேண்டும், மாத அறிக்கை அங்கிருந்து எடுக்கப்படும். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை. கேட்டால் ஒருவர் ஃபயர்வோலை நிறுத்திப் பார் என்பார், இன்னொருவர் டெய்ல்ஸ்கேல் (இணையத்தின் மேல் தனி வலைப்பின்னல் அமைக்கும் ஒரு விபிஎன் சேவை) போடு என்பார், மூன்றாமவர் இரவில் ஒரு கொப்பி எடுத்தால் போதாதா என்பார்.

ஃபயர்வோலை நிறுத்துவதை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டு யோசனைகளும் சில வீடுகளுக்குச் சரி, சில வீடுகளுக்குத் தொல்லை. அவற்றோடு நேரடி லேன் (வீட்டு உள் வலைப்பின்னல்) இணைப்பு, எஸ்எஸ்எச் டனல் (இரண்டு கணினிக்கிடையே மறைகுறியாக்கிய குழாய்) இரண்டையும் சேர்த்து நான்கு வழிகளை ஒப்பிடுவோம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், கரண்ட் போய் வந்த பிறகு யாரும் கை வைக்காமல் இணைப்பு திரும்புமா என்பது. கொழும்பில் இதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுக்க வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி மழை வந்தால் பத்து நிமிடத்தில் இரண்டு தடவை கரண்ட் போய் வரும்.

இரண்டாவது, வெளி இணையம் இல்லாத நேரத்திலும் ஓடுமா. இரண்டு இயந்திரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, வீதியில் ஃபைபர் கேபிள் அறுந்ததற்காக உங்கள் விற்பனைப் பதிவு நிற்பதில் நியாயமில்லை.

மூன்றாவது, பழுது வந்தால் எத்தனை இடம் பார்க்க வேண்டும். நான்காவது, மேலே உள்ள தரவு எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும்: நொடியிலா, மறுநாள் காலையிலா? ஐந்தாவது, அந்த வை-ஃபையில் வேறு யார் இருக்கிறார்கள்.

வேகத்தை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒரு கடையின் பில் பதிவுகளுக்கு 100 எம்பிபிஎஸ் லேன் தாராளம்.

## தெரிவு செய்வதற்கு முன்: எந்தப் பழுது இது?

பழுதைக் கண்டுபிடிக்காமல் வழியை மாற்றினால் அதே பழுது புது வழியிலும் வந்து நிற்கும். பிழைச் செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

மறுப்பு. மைஎஸ்கியூஎல் 2003 என்ற எண்ணைக் காட்டி, அடைப்புக்குள் 111 (விண்டோஸில் 10061) என்றால், உங்கள் பொட்டலம் (அனுப்பிய தரவுத் துண்டு) மறுமுனை இயந்திரத்தை அடைந்துவிட்டது. அங்கே அந்தப் போர்ட்டில் (சேவைக்குரிய வாயில் எண்) கேட்க யாருமில்லை. சேவை ஓடவில்லை, அல்லது 127.0.0.1 இல் (லொக்கல்ஹோஸ்ட், அதாவது கணினி தன்னையே அழைக்கும் முகவரி) மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. உபுண்டு, டெபியன் பொதிகளில் மைஎஸ்கியூஎல்லும் அதன் உறவான மரியாடிபியும் 127.0.0.1 இல் கட்டப்பட்டே வருகின்றன. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளமும் இயல்பாக லொக்கல்ஹோஸ்டில் மட்டும்தான் கேட்கும்.

மௌனம். 110 (விண்டோஸில் 10060) வந்தால் பொட்டலம் வழியில் காணாமல் போகிறது. ஃபயர்வோல், மாறிப்போன ஐபி முகவரி, வேறு சப்நெட் (தனிப் பிரிவான வலைப்பின்னல்), இவற்றில் ஒன்று. 113 வந்தால் அந்த இயந்திரம் அணைந்திருக்கலாம்; ஃபெடோரா வகை லினக்ஸ்களில் ஃபயர்வோல் மறுப்பதும் இதே எண்ணாகத் தோன்றும்.

அனுமதி இல்லை. 1130, 1045, அல்லது போஸ்ட்கிரெஸ் தன் எச்பிஏ கோப்பில் (யார் வரலாம் என்ற பட்டியல்) உங்களுக்கு வரியில்லை என்று சொன்னால், வலைப்பின்னலில் ஒரு குறையும் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டுவதை நிறுத்திவிட்டுப் பயனர் உரிமையைப் பாருங்கள்.

பிங் பதில் தரவில்லை என்பதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். விண்டோஸ் 'பப்ளிக்' வலைப்பின்னல் என்று முடிவு செய்திருந்தால் பிங்கைத் தடுக்கும். தரவுத்தளப் போர்ட் திறந்திருந்தாலும் அப்படித்தான். போர்ட்டையே சோதியுங்கள்: விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன், லினக்ஸில் என்சி கட்டளை. மைஎஸ்கியூஎல், மரியாடிபிக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, எஸ்கியூஎல் சேர்வருக்கு 1433. முதலில் சேர்வர் இயந்திரத்திலேயே, லொக்கல்ஹோஸ்ட் என்று கொடுக்காமல் அதன் லேன் முகவரியைக் கொடுத்துச் சோதித்தால், கட்டும் முகவரி (சேவை எந்த முகவரியில் கேட்கிறது என்பது) பிழையானால் அது உடனே தெரிந்துவிடும்.

இரண்டு ரவுட்டர் வீடு தனியாகச் சொல்லத் தக்கது. ஃபைபர் ரவுட்டர் கீழே இருக்கும், கொங்கிறீட் தட்டைத் தாண்டி வை-ஃபை ஏறாது, அதனால் மேலே ஒரு பழைய ரவுட்டரை மாட்டியிருப்பார்கள். கீழிருந்து வரும் கேபிளை அதன் 'வான்' (இணையம் வரும்) துவாரத்தில் செருகினால் மேல்மாடி தனி சப்நெட் ஆகிவிடும்: கீழே 192.168.1 என்றால் மேலே 192.168.0. மேலிருந்து கீழே இணைக்கலாம், கீழிருந்து மேலே இணைக்க முடியாது. ஒரு திசை மட்டும் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான். கேபிளை 'லேன்' துவாரத்துக்கு மாற்றி, மேல் ரவுட்டரின் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி ஒதுக்கும் வேலை) நிறுத்தி, அதன் சொந்த முகவரியைக் கீழ் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக, 192.168.1.2 என்பது போல வைத்தால் முழு வீடும் ஒரே வலைப்பின்னல். இயந்திரங்களில் ஒன்று 'கெஸ்ட்' வை-ஃபையில் இருந்தாலும் இதே மௌனம்தான். அங்கே ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்காதபடி ரவுட்டரே பிரித்து வைக்கும்.

டொக்கருக்குள் (மென்பொருளைத் தனிக் கொள்கலனில் ஓட்டும் கருவி) தரவுத்தளம் ஓடினால் இன்னொன்று: கொள்கலனுக்குள்ளிருந்து லொக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கொள்கலனையே குறிக்கும், உங்கள் கணினியை அல்ல.

## வழி 1: நேரடி லேன்

இரண்டும் ஒரே வீட்டில், கேபிளில், வீட்டார் மட்டும் பாவிக்கும் வலைப்பின்னலில் இருந்தால் இதை விட்டு விலகக் காரணம் வேண்டும். பார்க்கவேண்டிய இடம் குறைவு, இணையம் போனாலும் ஓடும்.

செய்யவேண்டியவை: ரவுட்டரின் டிஎச்சிபி ஒதுக்கீட்டில் இரண்டு இயந்திரத்துக்கும் நிலையான முகவரி கொடுங்கள். ஒரே மடிக்கணினியின் வை-ஃபைக்கும் கேபிளுக்கும் மாக் முகவரி (வலைப்பின்னல் வன்பொருளின் அடையாள எண்) வேறு வேறு என்பதால், எந்த வழியில் இணைக்கிறீர்களோ அதன் மாக்கைப் பதிய வேண்டும். தரவுத்தளத்தை லேனில் கேட்க வையுங்கள். ஃபயர்வோலில் மறு இயந்திரத்தின் ஒரு முகவரிக்கு மட்டும் போர்ட்டைத் திறவுங்கள். பயனரை 192.168.1.% என்ற வரம்போடு உருவாக்குங்கள். போஸ்ட்கிரெஸில் கேட்கும் முகவரியை மாற்றினால் சேவையை மறுதொடக்கம் செய்தே ஆகவேண்டும். எச்பிஏ கோப்புக்கு ரீலோட் போதும். அந்தக் கோப்பில் முதலில் பொருந்தும் வரிதான் செல்லும், ஆகவே புதிய வரியைக் கீழே ஒட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று மலைக்க வேண்டாம்.

மறைவான செலவுகள் எல்லாம் கரண்ட் வரும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கின்றன.

கட்டும் முகவரியாக 192.168.1.20 என்று குறிப்பாக எழுதியிருந்தால், கணினி ரவுட்டரைவிட வேகமாக எழும்பும். அப்போது அந்த முகவரி இன்னும் கிடைத்திருக்காது, மைஎஸ்கியூஎல் தொடங்கவே மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் இன்னும் மோசம்: லொக்கல்ஹோஸ்டையும் சேர்த்து எழுதியிருந்தால் அதில் மட்டும் தொடங்கிவிட்டு, பதிவேட்டில் ஒரு எச்சரிக்கையோடு அமைதியாக இருக்கும். உள்ளே பார்த்தால் எல்லாம் சரி, வெளியிலிருந்து மறுப்பு. இதற்கு நல்ல வழி 0.0.0.0 இல் (எல்லா முகவரிகளிலும்) கேட்க வைத்து, யார் வரலாம் என்பதை ஃபயர்வோலிடம் விடுவது.

டொக்கரில் ஓடினால் அந்தக் காவலை நம்ப வேண்டாம். டொக்கர் வெளியிடும் போர்ட்டுகள் உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோல் விதிகளைச் சுற்றிக்கொண்டு போகும். அங்கே மட்டும் போர்ட்டை வெளியிடும்போதே லேன் முகவரியைக் குறிப்பிடுங்கள்.

மைஎஸ்கியூஎல் 8 இல் இன்னொரு பொறி. அதன் இயல்பான கடவுச்சொல் முறை (கேஷிங் எஸ்எச்ஏ2) ஒருமுறை சரிபார்த்ததை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. சேர்வர் மறுதொடக்கமானால் அந்த நினைவு அழிந்துவிடும். அடுத்த இணைப்பு டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு) வழியாகவோ, சேர்வரின் பொதுச் சாவியைக் கேட்டு வாங்கியோ வரவேண்டும். இரண்டும் இல்லாத ரெப்ளிக்கேஷன் (ஒரு தரவுத்தளத்தின் மாற்றங்களை மற்றொன்றுக்கு உடனுக்குடன் நகலிடுவது) மாதக்கணக்கில் ஓடி, ஒரு மின்வெட்டுக்குப் பிறகு 2061 என்று நின்றுவிடும். யாரும் கடவுச்சொல்லை மாற்றவில்லையே என்று குழம்புவார்கள். ரெப்ளிக்கா (நகல் பக்க) அமைப்பில் எஸ்எஸ்எல்லை (டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்) இயக்குவது நல்லது; குறைந்தது பொதுச் சாவியைப் பெறும் தெரிவையாவது இயக்குங்கள்.

புது ரவுட்டர் வந்த மறுநாள் விண்டோஸ் இயந்திரம் மௌனமானால், அது புதிய வலைப்பின்னலைப் 'பப்ளிக்' என்று எடுத்திருக்கும். 'பிரைவேட்'டுக்கு மட்டும் எழுதிய ஃபயர்வோல் விதி அங்கே செல்லாது.

மேல்மாடி இயந்திரத்தைக் கீழ் இயந்திரத்தின் வட்டிலிருந்து குளோன் செய்திருந்தால் சேர்வர் ஐடி இரண்டிலும் ஒன்றாக இருக்கும், ரெப்ளிக்கேஷன் 1593 என்று மறுக்கும். ஐடியை மாற்றினால் மட்டும் போதாது. தரவு அடைவில் உள்ள ஆட்டோ.சிஎன்எஃப் கோப்பையும் நீக்கி மறுதொடக்கம் செய்யுங்கள், புது யூயூஐடி (சேர்வரின் தனி அடையாளம்) உருவாகும்.

காலையில் கடை திறந்ததும் முதல் பில்லில் மட்டும் 2006 வந்தால் அது வலைப்பின்னல் பழுதல்ல. மைஎஸ்கியூஎல் 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் சும்மா கிடந்த இணைப்பைத் தானே அறுத்துவிடும். மென்பொருள் மறுபடி இணைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

## வழி 2: எஸ்எஸ்எச் டனல்

வீட்டின் ஒரு பகுதியை அனெக்ஸாக வாடகைக்கு விட்டு, வை-ஃபையையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டால் இது பொருந்தும். தரவுத்தளம் 127.0.0.1 இலேயே இருக்கும், லேனில் 22 ஆம் போர்ட் மட்டும் திறந்திருக்கும், போகும் தரவு மறைகுறியாக்கப்படும். டிஎல்எஸ் தெரியாத பழைய தரவுத்தளப் பதிப்புகளுக்கும் இதுவே எளிய காப்பு.

இரண்டு இயந்திரத்திலும் மைஎஸ்கியூஎல் இருப்பதால் டனலின் இந்தப் பக்க வாயிலை 3307 ஆக வையுங்கள். இங்கேதான் ஆபத்தான பிழை ஒன்று நடக்கும்: லினக்ஸில் மைஎஸ்கியூஎல் கிளையண்டுக்கு லொக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் அது யூனிக்ஸ் சொக்கெட்டைப் பிடித்து, நீங்கள் கொடுத்த 3307 ஐ அலட்சியம் செய்து, உங்கள் சொந்த இயந்திரத்தின் தரவுத்தளத்துக்குள் நுழைந்துவிடும். பிழைச் செய்தி வராது. தரவு தவறான இடத்தில் எழுதப்படும். எப்போதும் 127.0.0.1 என்றே எழுதுங்கள்.

டனல் வழியாக வருபவர் சேர்வரின் கண்ணுக்கு உள்ளிருந்து வருபவர். 192.168.1.% க்குக் கொடுத்த உரிமை அங்கே செல்லாது, 1045 வரும். 127.0.0.1 க்கும் லொக்கல்ஹோஸ்டுக்கும் தனியாக உரிமை கொடுங்கள்.

டனல் அறுந்தால் தானாக எழும்பாது; அதை எழுப்ப ஒரு சேவை வேண்டும். லினக்ஸில் சிஸ்டம்டி (சேவைகளை இயக்கும் மேலாளர்) சேவையாக எழுதி, எப்போதும் மறுதொடக்கம், இடைவெளி 10 விநாடி என்று வையுங்கள். இடைவெளியை எழுதாமல் விட்டால், ரவுட்டர் எழும்புமுன் சிஸ்டம்டி அடுத்தடுத்து 5 தடவை முயன்று கைவிட்டுவிடும். உயிர்ச்சைகையை 30 விநாடிக்கு ஒன்றாகவும், வாயில் திறக்க முடியாவிட்டால் உடனே வெளியேறவும் அமையுங்கள். இல்லாவிட்டால் செத்த டனல் உயிரோடிருப்பதுபோல் கிடக்கும். விண்டோஸ் 10 இல் எஸ்எஸ்எச் கிளையண்ட் இருந்தாலும், அதைக் கறுப்புச் சாளரத்தில் திறந்து வைத்தால் யாராவது ஒரு நாள் மூடிவிடுவார்கள். டாஸ்க் ஷெடியூலரில் போடுங்கள்.

## வழி 3: விபிஎன்

கடை புறக்கோட்டையில், வீடு தெகிவளையில் என்றால் முதல் இரண்டு வழிகளும் அப்படியே உதவாது. அங்கே இதுதான் வழி. ரவுட்டரில் 3306 ஐ இணையத்துக்குத் திறந்துவிடுவது வழியே அல்ல. அப்படித் திறந்த போர்ட்டைத் தேடித் தட்டும் நிரல்கள் நாள் முழுதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை நீங்களே அமைக்கலாம், ஆனால் ஒரு முனைக்காவது வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும். 4ஜி வீட்டு ரவுட்டர்களில் அது பெரும்பாலும் இருக்காது. ரவுட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் நீங்கள் நிறுவனத்தின் பெரிய 'நேட்'டுக்கு (NAT, பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். டெய்ல்ஸ்கேல் அதையும் தாண்டி இணைத்துக் கொடுக்கும். (அதுவும் தன் முகவரிகளை இதே வரம்பிலிருந்துதான் எடுக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

ஒரே வீட்டுக்குள் இருக்கும் இரண்டு இயந்திரத்துக்கு இதைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போட்டவுடன் இணைப்பு வந்துவிடும், உண்மைதான்: இரண்டு ரவுட்டர் பழுதை அது சுற்றிக்கொண்டு போகிறது. ஆனால் டெய்ல்ஸ்கேலின் கட்டுப்பாட்டுச் சேர்வர் வெளியில் இருக்கிறது. கரண்ட் வந்து இணையம் வராத இரவில், மறுபடி எழும்பிய இயந்திரம் பக்கத்து அறையை எட்டும் என்று நம்பியிருக்க முடியாது. இயந்திரச் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். சேர்வர்களுக்கு அந்தக் காலாவதியை நிறுத்தாவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒன்றும் தொடாமலே இணைப்பு நின்றுபோகும்.

ராஸ்பெரி பைக்கு ஒரு தனி எச்சரிக்கை. பை 4 வரை பலகையில் கடிகாரம் இல்லை. பை 5 இல் உண்டு, மின்கலம் தனியாக மாட்ட வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு பை பழைய நேரத்தோடு எழும்பும். வயர்கார்டோ முன்பு கண்டதைவிடப் பிந்திய நேர முத்திரை உள்ள கைகுலுக்கலை மட்டுமே ஏற்கும். இணையம் வந்து நேரம் சரியாகும்வரை அது மௌனம்தான். பதிவேட்டிலும் காரணம் எளிதில் கிடைக்காது.

சிறிய கேள்விக்குப் பதில் வருகிறது, பெரிய அறிக்கை மட்டும் தொங்குகிறது என்றால் எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) பாருங்கள். வயர்கார்டில் வழக்கமாக 1420. 1280 க்கு இறக்கிச் சோதியுங்கள்.

## வழி 4: இரவு நகல்

இது தோல்வியாளரின் வழி என்று பலர் ஒதுக்குவார்கள். எனக்கோ, மேல்மாடித் தரவு அறிக்கைக்கு மட்டும்தான் என்றால் இதுவே முதல் தெரிவு. இணைப்பு பகலில் எத்தனை தடவை அறுந்தாலும் பாதிப்பில்லை. கூடவே ஒரு பேக்கப்பும் கிடைக்கிறது. ரெப்ளிக்கேஷன் பேக்கப் ஆகாது: கீழே தவறுதலாக அழித்த வரி மறு நொடியே மேலேயும் அழிந்துவிடும்.

இதன் செலவு, நின்றுபோனால் யாருக்கும் தெரியாது என்பது. இரவு 2 மணிக்கு நேரம் வைத்திருப்பீர்கள், கடைக் கணினியை இரவில் அணைத்துவிடுவார்கள். விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் தவறிய வேலையைப் பின்பு ஓட்டும் தெரிவைக் குறியிடுங்கள். லினக்ஸில் கிரோனுக்குப் பதில் சிஸ்டம்டி டைமரைப் 'பெர்சிஸ்டன்ட்' ஆக்கிப் பாவியுங்கள். புதிய நகலை வேறு பெயரில் எழுதி, மைஎஸ்கியூஎல்டம்ப் (நகல் எடுக்கும் கட்டளை) கோப்பின் கடைசி வரியில் டம்ப் முடிந்தது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாதியில் கரண்ட் போன இரவு, நல்ல நகலை வெறும் கோப்பு விழுங்கிவிடும்.

இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு முறை) அட்டவணைகளுக்கு 'சிங்கிள் ட்ரான்சாக்ஷன்' தெரிவைச் சேர்த்தால் பில் போடுவது தடைப்படாது. விண்டோஸ் பவர்ஷெல்லில் அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பாதீர்கள், பழைய 5.1 பதிப்பு அதை யூடிஎஃப்-16 ஆக்கிவிடும், மறுமுனையில் ஏற்ற முடியாது. 'ரிசல்ட் ஃபைல்' தெரிவைப் பாவியுங்கள். தமிழில் பதிந்த பொருட்பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறினால் இணைப்பின் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல் 8 இன் நகலை மரியாடிபியில் ஏற்றும்போது 1273 வந்தால், 0900 என்று வரும் வரிசைமுறைப் பெயரை மரியாடிபிக்குத் தெரியவில்லை. கோப்பில் அதை மாற்றிவிட்டு ஏற்றலாம். போஸ்ட்கிரெஸில் பிஜி டம்ப் தன்னைவிடப் புதிய பெரும் பதிப்புச் சேர்வரைத் தொடாது, ஆகவே டம்ப் கருவி சேர்வருக்குச் சமமாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்கட்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | நேரடி லேன் | எஸ்எஸ்எச் டனல் | விபிஎன் | இரவு நகல் |
|---|---|---|---|---|
| மின்வெட்டுக்குப் பின் தானாக எழும்புதல் | 0.0.0.0 இல் கட்டினால் ஆம் | சேவையாக எழுதினால் மட்டும் | பை கடிகாரம், இணையம் இரண்டும் தடை | அடுத்த ஓட்டத்தில் சரியாகும் |
| இணையம் இல்லாதபோது | ஓடும் | ஓடும் | டெய்ல்ஸ்கேலில் உறுதியில்லை | ஓடும் |
| பழுது தேடும் இடங்கள் | முகவரி, ஃபயர்வோல், உரிமை | அவற்றோடு டனல், சாவி | அவற்றோடு எம்டியூ, நேரம், காலாவதி | அட்டவணை நேரம், கோப்பு |
| தரவின் புதுமை | நொடியில் | நொடியில் | நொடியில் | முதல்நாள் இரவு வரை |
| பகிர்ந்த வை-ஃபையில் | டிஎல்எஸ் இருந்தால் மட்டும் | நல்லது | நல்லது | எஸ்எஸ்எச் வழி அனுப்பினால் நல்லது |

## எந்த வீட்டுக்கு எது

ஒரே வீடு, கேபிள், மேல்மாடியிலும் உடனுக்குடன் இருப்பு தெரிய வேண்டும்: நேரடி லேன். கேபிள் வெளிச்சுவரில் ஓடினால் இடி மின்னலில் துவாரம் கருகும் வாய்ப்பு உண்டு, உள்ளே இழுங்கள். நல்ல கேபிளிலும் வேகம் 100 இல் நின்றால் நான்கு சோடியில் ஒன்று பிடிக்கவில்லை. முனையை மறுபடி கிரிம்ப் செய்தால் போதும்.

அனெக்ஸோடு பகிர்ந்த வை-ஃபை: டனல். ரவுட்டரில் 'கெஸ்ட்' வசதி இருந்தால் வாடகைக்காரரை அதற்கு மாற்றிவிட்டு நேரடி லேனுக்கே வரலாம். அதுதான் பராமரிக்க இலகு.

அறிக்கை மட்டும்: இரவு நகல்.

இரண்டு இடம்: விபிஎன். ஆனால் அதன் மேல் நேரடி ரெப்ளிக்கேஷன் ஓட்டினால், எவ்வளவு நாள் அறுந்திருக்கலாம் என்பதை முதலே கணக்கிடுங்கள். மைஎஸ்கியூஎல் 8 இன் பைனரி லொக் (மாற்றங்களின் பதிவேடு) இயல்பாக 30 நாள் இருக்கும். அதைத் தாண்டினால் முழு நகலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் ரெப்ளிக்கேஷன் ஸ்லொட் நேர்மாறானது: மறுமுனை திரும்பி வரும்வரை எல்லாவற்றையும் சேமித்து வைத்து, கடைசியில் கடைக் கணினியின் வட்டையே நிரப்பி பில் போடுவதை நிறுத்திவிடும். பதிப்பு 13 முதல் இதற்கு உச்சவரம்பு வைக்கலாம்.

எந்த வழியானாலும், கணினிக்கு யூபிஎஸ் வாங்கிவிட்டு ரவுட்டரையும் ஸ்விட்சையும் சுவரில் மாட்டி வைத்திருந்தால் கரண்ட் போன கணமே இணைப்பு போய்விடும். 12 வோல்ட் மினி யூபிஎஸ்கள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கத்துக் கணினிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். வாங்குமுன் ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். 9 வோல்ட் ஸ்விட்சுக்கு 12 வோல்ட் கொடுத்தால் பிறகு தேடவேண்டிய பழுது வேறாகிவிடும்.